தரவுத்தளம் குடிபெயர்ந்த விருத்தாந்தம்

கலிபோர்னியாவின் பெர்க்கிலி சர்வகலாசாலையில் மைக்கேல் ஸ்டோன்பிரேக்கர் 1986ஆம் ஆண்டில் தொடங்கிய போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தள ஆராய்ச்சி, 1996இல் போஸ்ட்கிரெஸ்கியூஎல் என்று நாமகரணம் பெற்றுத் தன்னார்வலர் கைக்கு வந்தபோது, அதை உபயோகித்தவர்களுக்கு ஒரு தீராத சங்கடமும் கூடவே வந்தது. பெரிய பதிப்பு மாறினால், பழைய பதிப்பு டிஸ்கில் எழுதிவைத்த கோப்புகளை ஏற்றுப் புதியது ஓட மறுத்துவிடும்.

இதற்குக் கண்ட ஆதி உபாயம் 'டம்ப்' எடுத்தல். பழைய சர்வரின் அட்டவணைகள் யாவற்றையும் எஸ்கியூஎல் கட்டளைகளாகக் கோப்பில் எழுதிக்கொண்டு, புதிய சர்வரில் அவற்றை ஆதியிலிருந்து நிறைவேற்றி, இண்டெக்ஸ்களையும் அங்கேயே புதிதாகக் கட்டுவது அதன் முறை. டம்ப் எடுக்கும் கருவி புதிய பதிப்பினுடையதாக இருப்பதே உத்தமம். ஒரு தரவுத்தளத்தை மட்டும் டம்ப் எடுத்தால் பயனர் கணக்குகள் அதில் அடங்காவாதலால், அவற்றைத் தனியே எடுக்க வேண்டும். தரவு பெருகப் பெருக, இந்தச் சடங்கு முடியும்வரை வேலையை நிறுத்திவைக்க வேண்டிய நேரமும் மணிக்கணக்காய் நீண்டது.

பொறுமையிழந்தவர்களுக்கு 2010இல் 9.0 பதிப்போடு பிஜி_அப்கிரேட் என்னும் கருவி வந்தது. அட்டவணைக் கோப்புகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவற்றைப் பற்றிய விவரப் பட்டியலை மட்டும் புதுப்பிப்பதால், 'லிங்க்' முறையில் காரியம் நிமிஷங்களில் முடிந்துவிடும். ஆனால் புதியதை ஒருமுறை ஓடவிட்டபின் பழையதற்குத் திரும்பலாம் என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டியதுதான்.

இந்த வேகத்தின் மறைவான விலை 2018இல் தெரிந்தது. எழுத்துகளின் வரிசைக்கிரமத்தைப் போஸ்ட்கிரெஸ் பெரும்பாலும் தானே வகுத்துக்கொள்ளாமல் லினக்ஸின் ஜிலிப்சி நூலகத்திடம் கேட்டுக்கொள்வது வழக்கம். அவ்வாண்டு வெளிவந்த அந்நூலகத்தின் 2.28 பதிப்பில் அந்தக் கிரமமே மாறிப்போயிற்று. அமெரிக்க ஆங்கில அமைப்பில் முன்பு '11' முந்தி, '1-1' பிந்தி நின்றன. பிறகு '1-1' முந்திக்கொண்டது. அற்ப சங்கதிபோலத் தோன்றினும், பழைய கிரமத்தில் கட்டிய இண்டெக்ஸைக் கோப்போடு தூக்கிக்கொண்டு புதிய லினக்ஸுக்குப் போனவர்களின் தேடல் அந்த இண்டெக்ஸ் மரத்தின் தவறான கிளையில் இறங்கி, இருக்கும் பதிவையே இல்லையென்று சொல்லிற்று. இல்லையென்றதை நம்பித் தரவுத்தளம், ஒன்றுக்குமேல் இருக்கக் கூடாத பதிவை இன்னொரு முறையும் ஏற்றுக்கொண்டது. அதற்குப் பரிகாரமாக இண்டெக்ஸை மறுபடி கட்டும் 'ரீஇண்டெக்ஸ்' செய்யப் புகுந்தால், அந்த இரட்டைப் பதிவுகளைக் களையும்வரை அதுவும் நிறைவேறாது.

மந்தமென்று பலரும் கைவிட்ட டம்ப் முறையில் வந்தவர்களோ, இண்டெக்ஸ்கள் யாவும் புதிய கிரமத்திலேயே கட்டப்பட்டிருந்தமையால், இப்படியொரு மாற்றம் நேர்ந்ததைக்கூட அறியவில்லை.