ரெனாட்டோ சாஞ்செஸின் தொடக்கக் கால ஆட்ட வாழ்க்கை

ரெனாட்டோ ஜூனியர் லுஸ் சாஞ்செஸ் (பிறப்பு: 18 ஆகஸ்ட் 1997) போர்த்துகல் நாட்டுக் கால்பந்து நடுக்கள ஆட்டக்காரர். லிஸ்பனின் பென்ஃபிகா கழகத்தில் வளர்ந்த இவர், 30 அக்டோபர் 2015 அன்று அதன் முதல் அணிக்காக முதன்முறை களமிறங்கினார். 10 ஜூலை 2016 அன்று, பாரிஸ் புறநகரில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் போர்த்துகல் அணியின் தொடக்கப் பதினொருவரில் ஒருவராக ஆடி வாகை சூடினார். இந்த இரண்டு நாள்களுக்கும் இடையே எட்டு மாதங்களும் சில நாள்களும்தான். பதினெட்டு வயதில் இவ்வளவு குறுகிய காலத்தில் இவ்வளவு உயரம் தொட்ட நடுக்கள ஆட்டக்காரர்கள் மிக அரிது. அடுத்த சில ஆண்டுகளில் மியூனிக்கிலும் சுவான்சியிலும் அவர் பட்ட பாட்டை வைத்து, அந்த எட்டு மாதங்களையே ஒரு தற்செயல் என்று தள்ளிவிடுவோர் உண்டு. ஆட்டங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் அந்த முடிவுக்கு வர இயலாது.

பிறப்பும் முஷ்கெய்ராவும்

தந்தை சாவோ தொமே பிரின்சிப்பி தீவுகளைச் சேர்ந்தவர். தாய் கேப் வர்டியைச் சேர்ந்தவர். இரண்டுமே 1975இல் விடுதலை பெறும்வரை போர்த்துகலின் குடியேற்ற நாடுகளாக இருந்தவை. அங்கிருந்து வேலை தேடி வந்த பல்லாயிரம் குடும்பங்கள் லிஸ்பனின் விளிம்புகளில் குடியேறின. சாஞ்செஸ் வளர்ந்த முஷ்கெய்ரா நகரின் வடக்கே, விமான நிலையத்துக்கு அருகில் இருக்கும் பகுதி. நகரின் பிற இடங்களில் வீடிழந்தோருக்காக 1960களில் எழுந்த தற்காலிக வீடுகள் பல பத்தாண்டுகள் அங்கேயே நிலைத்துவிட்டன; பின்னர்தான் அடுக்குமாடிக் குடியிருப்புகள் வந்தன. அப்பகுதியின் சிறு கழகமான ஆகியாஸ் த முஷ்கெய்ராவில் சிறுவன் ரெனாட்டோ பந்தாடத் தொடங்கினான்.

2006இல் பென்ஃபிகா அவரை அழைத்துக்கொண்டது. அதற்கு ஈடாக முஷ்கெய்ரா கழகத்துக்கு 750 யூரோவும் 25 பந்துகளும் தரப்பட்டன என்பது போர்த்துகல் ரசிகர்கள் எல்லோருக்கும் தெரிந்த செய்தி. சிறுவர் அணிகளை நடத்தும் ஏழைக் கழகத்துக்கு 25 புதிய பந்துகள் சின்ன விஷயம் அல்ல. ஆயினும் பத்தாண்டு கழித்து அதே ஆட்டக்காரருக்குப் பென்ஃபிகா பெற்ற தொகையோடு ஒப்பிட்டால், இன்றைய கால்பந்துச் சந்தையில் அடித்தட்டுக் கழகங்களின் நிலை என்ன என்பது தெளிவாகத் தெரியும்.

அதே 2006இல்தான் தேஜோ ஆற்றின் தென்கரையில், செய்ஷால் நகரில், பென்ஃபிகாவின் புதிய பயிற்சி வளாகம் திறக்கப்பட்டது. பெர்னார்டோ சில்வா, ரூபன் தியாஸ், ஜோவாவ் ஃபெலிக்ஸ், ஜோவாவ் நெவெஸ் எனப் பலரும் ஆடிப் பழகிய இடம் அது. சாஞ்செஸ் அங்கே வயதுவாரி அணிகளில் படிப்படியாக ஏறி, 2014–15 பருவத்தில் இரண்டாம் பிரிவு லீகில் ஆடிய பென்ஃபிகா ‘பி’ அணிக்கு வந்தார். வளர்ந்தவர்களோடு முட்டி மோதிப் பந்தை மீட்பதை அவர் பழகியது அங்கேதான்.

முதல் அணியில்

2015 கோடையில் பென்ஃபிகாவின் பயிற்சியாளர் ஜோர்ஜ் ஜெசுஸ் நகரின் எதிரணியான ஸ்போர்ட்டிங்குக்குப் போய்விட்டார். ஆறு ஆண்டுகள் அணியை நடத்தியவர் எதிர்வீட்டுக்கே மாறியது பென்ஃபிகா ரசிகர்களுக்கு ஆறாத புண். அவருக்குப் பதிலாக வந்த ருயி விட்டோரியாவுக்குத் தொடக்கமே சரியாக அமையவில்லை. ஆகஸ்ட்டில் சூப்பர் கோப்பையை ஸ்போர்ட்டிங்கிடம் 0–1 என இழந்தார். அக்டோபர் 25 அன்று சொந்த அரங்கமான லூஸில், லீக் ஆட்டத்தில், அதே அணியிடம் 0–3 என்று தோற்றார். நடுக்களத்தில் வேகமும் இல்லை, பந்தை முன்னே கொண்டுசெல்ல ஆளும் இல்லை என்பது அன்று அரங்கம் முழுவதற்கும் தெரிந்தது.

ஐந்து நாள் கழித்து டொண்டெலாவுக்கு எதிரான ஆட்டத்தில், கடைசிக் கட்டத்தில், 85ஆம் எண் சட்டை அணிந்த சாஞ்செஸை விட்டோரியா களமிறக்கினார். பென்ஃபிகா 4–0 என வென்றது. நவம்பர் 25 அன்று கஜகஸ்தானின் அஸ்தானா அணிக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்தில் தொடக்கம் முதலே ஆடவைத்தார். இரண்டு கோல் பின்தங்கிய பென்ஃபிகா அதை 2–2 எனச் சமன் செய்தது. அன்றிலிருந்து அணியில் அவர் இடம் உறுதியாயிற்று.

ரசிகர்கள் அவரைத் தங்கள் பிள்ளையாக ஏற்றுக்கொண்டது டிசம்பர் 4 அன்று. அகாடெமிகாவுக்கு எதிரான ஆட்டம் முடியும் தறுவாயில், கோல் கம்பத்திலிருந்து ஏறத்தாழ 30 கெஜ தூரத்தில் பந்து அவர் காலுக்கு வந்தது. அந்த இடத்தில் பக்கத்தில் இருப்பவருக்குப் பந்தைக் கொடுப்பதே வழக்கம். அவர் உதைத்தார், பந்து வலைக்குள் போனது. முதல் அணிக்காக அவர் அடித்த முதல் கோல் அது. ஆட்டம் 3–0 என முடிந்தது. புத்தாண்டு பிறந்ததும் கிமரயேஸ் நகரில் விட்டோரியா அணிக்கு எதிராக அவர் அடித்த ஒற்றைக் கோலே பென்ஃபிகாவுக்கு மூன்று புள்ளிகளைத் தந்தது. அந்தப் பருவத்தில் 24 லீக் ஆட்டங்களில் அவர் அடித்தவை இந்த இரண்டு கோல்கள்தாம்.

அவரது பங்கைக் கோல் கணக்கில் தேடக்கூடாது. பென்ஃபிகாவின் 4–4–2 அமைப்பில் ஃபெய்சாவோ சமாரிசோ பின்னால் நின்று காவல் காக்க, சாஞ்செஸ் பந்தோடு ஓடினார். எதிராளி அழுத்தும்போது பெரும்பாலான நடுக்கள ஆட்டக்காரர்கள் பந்தைப் பின்னுக்குத் திருப்பிவிடுவார்கள். இவர் தோளைத் தாழ்த்தி, உடலால் இடம் பிடித்து, அழுத்தியவரைத் தாண்டி முப்பது நாற்பது மீட்டர் பந்தை எடுத்துச் செல்வார். அப்படி ஒருவரைத் தாண்டியதும் எதிரணியின் நடுக்கள வரிசையே கலைந்துவிடும். கைத்தானுக்கும் ஜோனாசுக்கும் அந்த வெளி போதும். அவசரப்பட்டுத் தவறான பாஸ் கொடுப்பதும், களத்தில் தன் இடத்தை விட்டு விலகிப் போவதும் அவரது குறைகளாக அப்போதே இருந்தன. ஆனால் உறைந்து கிடந்த ஓர் அணியை ஓட வைத்தவர் அவர்தான். 2016 மார்ச் 5 அன்று ஸ்போர்ட்டிங்கை அதன் அரங்கிலேயே 1–0 என வீழ்த்தி முதலிடத்துக்கு வந்த பென்ஃபிகா, மே 15 அன்று நாசியொனால் அணியை 4–1 என வென்று பட்டத்தை உறுதிசெய்தது. பென்ஃபிகா 88 புள்ளி, ஸ்போர்ட்டிங் 86. தொடர்ந்து மூன்றாம் ஆண்டாகக் கிடைத்த பட்டம் அது. ஐந்து நாள் கழித்து மரிட்டிமோவை 6–2 என வென்று லீக் கோப்பையும் வந்தது.

வயதுச் சர்ச்சை

அவர் உடற்கட்டைப் பார்த்து, பதினெட்டு வயது என்பது பொய் என்று சிலர் பேசினார்கள். பிரான்ஸின் மூத்த பயிற்சியாளர் கி ரூ, அவருக்கு இருபத்துமூன்று இருபத்துநான்கு வயது இருக்கும் என்று வெளிப்படையாகவே சொன்னார். பிறந்து ஐந்தாண்டு கழித்து, 2002இல்தான் பிறப்பு பதிவானது என்பதே இந்தப் பேச்சுக்குப் பிடி கொடுத்தது. தாமதத்துக்குக் காரணம் குடும்பச் சூழல். பிறந்த மருத்துவமனையின் ஆவணங்கள் 1997 என்பதையே உறுதிசெய்தன. அதன் பிறகும் பேச்சு ஓயவில்லை. 2016 ஏப்ரலில் ரியோ ஆவே அணியின் ஊரில் ஆடியபோது பார்வையாளர் சிலர் குரங்குச் சத்தம் எழுப்பி அவரை இழிவுபடுத்தினார்கள். வயதுச் சந்தேகத்தையும் இந்த இழிவையும் தனித்தனியாகப் பார்ப்பது சரியல்ல என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. வலுவான உடலோடு இருக்கும் கறுப்பினச் சிறுவனின் வயதை நம்ப மறுப்பது ஐரோப்பியக் கால்பந்தில் பழைய நோய்.

ஐரோப்பியக் கோப்பை 2016

2016 மார்ச் 25 அன்று லெய்ரியாவில் பல்கேரியாவுக்கு எதிரான நட்பு ஆட்டத்தில் மாற்று ஆட்டக்காரராக முதன்முறை தேசிய அணிச் சட்டை அணிந்தார். பயிற்சியாளர் பெர்னாண்டோ சாண்டோஸ் அவரைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றாலும் தொடக்கத்தில் பெஞ்சிலேயே வைத்திருந்தார். ஐஸ்லாந்தோடும் ஆஸ்திரியாவோடும் ஹங்கேரியோடும் சமன் செய்து தட்டுத் தடுமாறியே போர்த்துகல் அடுத்த சுற்றுக்கு வந்தது.

குரோவேஷியாவுக்கு எதிரான ஆட்டத்தில் இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் உள்ளே வந்தார். கூடுதல் நேரமும் முடியப்போகிறது. இரு அணிகளும் களைத்து, பெனால்டிக்குக் காத்திருந்தன. 117ஆம் நிமிடத்தில் தன் பாதியிலிருந்து பந்தோடு ஓடத் தொடங்கினார் சாஞ்செஸ். நானிக்குக் கொடுத்தார், நானி ரொனால்டோவிடம் சேர்த்தார், ரொனால்டோ உதைத்ததைக் கோல்காவலர் தடுக்க, எழும்பிய பந்தைக் குவாரெஸ்மா தலையால் முட்டிக் கோலாக்கினார். மற்ற எல்லோரும் நடந்துகொண்டிருந்த நேரத்தில் ஓடுவதற்குக் காலில் தெம்பு வைத்திருந்தவர் அவர் ஒருவரே.

ஜூன் 30 அன்று மார்செயில் போலந்துக்கு எதிரான காலிறுதி. முதன்முறையாகத் தொடக்கப் பதினொருவரில் அவர் பெயர். இரண்டாம் நிமிடத்திலேயே லெவண்டொவ்ஸ்கி கோல் அடித்தார். 33ஆம் நிமிடத்தில் வலப்பக்கமிருந்து உள்நோக்கி வந்த சாஞ்செஸ் நானிக்குப் பந்தைத் தள்ளினார். நானி திரும்பிப் பார்க்காமலே குதிகாலால் திருப்பிக் கொடுத்தார். பெனால்டி எல்லையின் விளிம்பிலிருந்து சாஞ்செஸ் இடக்காலால் உதைத்த பந்து க்ரிஹோவியாக்கின் மேல் உரசி உள்ளே போனது. ஆட்டம் 1–1 என முடிந்து பெனால்டிக்குப் போனபோது, ரொனால்டோவுக்கு அடுத்து இரண்டாவதாக உதைக்க வந்தவரும் அவரே. பந்தை வலையில் சேர்த்தார். போர்த்துகல் 5–3 என வென்றது.

வேல்ஸை 2–0 என வென்று போர்த்துகல் இறுதிக்குச் சென்றது. பிரான்ஸுக்கு எதிரான அந்த ஆட்டத்தின் நடுக்களம் தனியே குறிப்பிடத்தக்கது: வில்லியம் கர்வால்யோ, அட்ரியென் சில்வா, ஜோவாவ் மாரியோ, சாஞ்செஸ். முதல் மூவரும் அந்தப் பருவம் முழுவதும் ஸ்போர்ட்டிங்குக்காக ஆடி, இரண்டு புள்ளியில் பட்டத்தை இழந்தவர்கள். அதை அவர்களிடமிருந்து பறித்த அணியின் ஆள் நான்காமவர். ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் ஆடிய மிக இளையவர் என்ற பெயர் 2004 முதல் ரொனால்டோவிடம் இருந்தது. அன்று சாஞ்செஸிடம் வந்தது. 79ஆம் நிமிடத்தில் அவரை வெளியே அழைத்து எடரை உள்ளே அனுப்பினார் சாண்டோஸ். 109ஆம் நிமிடத்தில் போட்டியின் வெற்றிக் கோலை அடித்தவர் அந்த எடர். தொடரின் சிறந்த இளம் ஆட்டக்காரர் விருது சாஞ்செஸுக்குக் கிடைத்தது. அதே ஆண்டின் பிற்பகுதியில், ஐரோப்பாவில் ஆடும் இளம் ஆட்டக்காரர்களுக்கான ‘கோல்டன் பாய்’ விருதையும் பெற்றார்; அதைப் பெற்ற முதல் போர்த்துகல் நாட்டவர் அவர்.

மியூனிக்கும் சுவான்சியும்

இவை எல்லாவற்றுக்கும் முன்பே, 2016 மே 10 அன்று, லீக் பட்டம் முடிவாவதற்கு ஐந்து நாள் இருக்கும்போது, பயர்ன் மியூனிக் அவரை வாங்கிவிட்டதாக அறிவித்தது. ஏப்ரலில் சாம்பியன்ஸ் லீக் காலிறுதியின் இரு ஆட்டங்களிலும் அவரை எதிரில் நிறுத்திப் பார்த்த அணி அது. உடனடித் தொகை 3.5 கோடி யூரோ. நிபந்தனைகள் நிறைவேறினால் மேலும் 4.5 கோடி வரை. ஐந்தாண்டு ஒப்பந்தம்.

முதல் பிரிவில் ஒரே ஒரு பருவம் ஆடிய பதினெட்டு வயதுக்காரர், ஷாபி அலோன்சோ, ஆர்துரோ விடால், தியாகோ ஆகியோர் இருக்கும் நடுக்களத்தில் இடம் தேட வேண்டியிருந்தது. பயிற்சிக் காலத்திலேயே தொடையில் காயம். பயிற்சியாளர் கார்லோ அஞ்செலோட்டி அவரை அவ்வப்போது கடைசி நிமிடங்களுக்கு மட்டும் இறக்கினார். 2016–17இல் 17 லீக் ஆட்டங்கள், கோல் இல்லை. எதிரணிகள் பயர்னுக்கு எதிரில் தம் பெனால்டி எல்லையிலேயே கூடி நிற்கும். அங்கே ஓடுவதற்கு வெளியே கிடையாது. நின்ற இடத்தில் பிசிறில்லாமல் பாஸ் கொடுப்பதே வேலை. சாஞ்செஸ் இன்னும் கற்றுக்கொள்ளாத பாடம் அதுவே. அவரை வாங்கியவர்களுக்கு இது தெரியாமல் இருந்திருக்க முடியாது. கற்றுத் தரும் பொறுப்பும் அவர்களுடையதே.

2017 ஆகஸ்ட் கடைசி நாளில் ஓராண்டு இரவலாக சுவான்சிக்கு அனுப்பப்பட்டார். அங்கே பயிற்சியாளர் பால் கிளெமென்ட், மியூனிக்கில் அஞ்செலோட்டியின் உதவியாளராக இருந்தவர். அணியோ கீழிறங்கும் அபாயத்தில் இருந்தது. நவம்பரில் செல்சிக்கு எதிரான ஆட்டத்தில், மைதான ஓரத்து விளம்பரப் பலகையில் ஒளிர்ந்த சிவப்புச் சின்னத்தைச் சக ஆட்டக்காரர் என்று நினைத்துப் பந்தை அங்கே அனுப்பிவிட்டார். அந்தக் காட்சி உலகமெங்கும் பரவி, அவரது பெயரோடு ஒட்டிக்கொண்டது. டிசம்பரில் கிளெமென்ட் நீக்கப்பட்டார். பின்னர் வந்த தொடைத் தசைக் காயம் பருவத்தின் மீதியைத் தின்றது. 12 லீக் ஆட்டங்களே ஆடினார். சுவான்சி கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. 2018 உலகக் கோப்பை அணியில் அவர் பெயர் இல்லை.

மியூனிக்குக்குத் திரும்பியபோது நிக்கோ கோவாச் பயிற்சியாளராகியிருந்தார். 2018 செப்டம்பர் 19 அன்று சாம்பியன்ஸ் லீக் ஆட்டத்துக்காக பயர்ன் லிஸ்பன் வந்தது. சாஞ்செஸ் தொடக்கம் முதல் ஆடினார். 54ஆம் நிமிடத்தில், தன் பாதியிலேயே அவர் தொடங்கி வைத்த தாக்குதலின் முடிவில், கோல் எல்லைக்குள் அவரே வந்து நின்று பந்தை உள்ளே தள்ளினார். பயர்னுக்காக அவர் அடித்த முதல் கோல் அது. கொண்டாடவில்லை, கைகளை உயர்த்தி மன்னிப்புக் கேட்டார். தம் அணி தோற்றுக்கொண்டிருந்த நிலையிலும் லூஸ் அரங்கம் எழுந்து கைதட்டியது. 2018–19இல் பயர்ன் லீகையும் கோப்பையையும் வென்றாலும் தொடக்கப் பதினொருவரில் அவருக்கு நிலையான இடம் கிடைக்கவில்லை.

2019 ஆகஸ்ட்டில் ஏறத்தாழ 2 கோடி யூரோவுக்குப் பிரான்ஸின் லீல் அணிக்கு மாறினார். கிறிஸ்தோஃப் கல்த்தியேயின் அந்த அணி பந்தை மீட்டதும் வேகமாக முன்னேறித் தாக்கும் அணி. பந்தோடு ஓடும் நடுக்கள ஆட்டக்காரருக்கு அங்கே வேலை இருந்தது. இரண்டாம் பருவமான 2020–21இல், பாரிஸ் சாங்-ஜெர்மனை ஒரே ஒரு புள்ளியில் பின்தள்ளி லீல் பிரெஞ்சு லீக் பட்டத்தை வென்றது.