தேய்மானம் என்னும் சொல்லும் முழங்காலின் கொழுப்பும்

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி எனப் பாலாற்றங்கரையில் நீளும் தோல் ஊர்களில், பச்சைத்தோல் ஆலைக்கு வந்ததும் அதன் உட்புறத்தில் ஒட்டியுள்ள சதையையும் கொழுப்பையும் வழித்தெடுத்துவிடுவர். தோலுக்கு விலை உண்டு, கொழுப்பு கழிவு. மனித முழங்காலின் கொழுப்பையும் மருத்துவ உலகம் நெடுங்காலம் ஏறத்தாழ இவ்வாறே கருதிவந்தது.

முழங்கால் சில்லுக்குக் கீழே, தசைநாணுக்குப் பின்புறம் சிறு கொழுப்புத் திண்டு ஒன்று உண்டு. 1691இல் எலும்புகளைப் பற்றி நூல் எழுதிய ஆங்கில மருத்துவர் கிளாப்டன் ஹேவர்ஸ், மூட்டினுள் காணும் இத்தகைய கொழுப்பு மடிப்புகளைச் சுரப்பிகள் என்றே எண்ணினார். பின்வந்தோர் அக்கருத்தைத் தள்ளினர். கொழுப்பு வெறும் மெத்தையாயிற்று. 1904இல் ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஆல்பர்ட் ஹோஃபா, இத்திண்டு அடிபட்டு வீங்கி, எலும்புகளுக்கிடையே நசுங்கி வலி தரும் என்று எழுதினார். அவர் கண்ட தீர்வு அதனை அறுத்து நீக்குவது. இன்றும் திண்டு அவர் பெயராலேயே வழங்குகிறது.

முதுமையில் வரும் மூட்டு நோயோ குருத்தெலும்பின் தேய்வு என்றே விளக்கப்பட்டது. ஆனால் குருத்தெலும்பில் நரம்புகள் இல்லை. அமெரிக்க மருத்துவர் ஸ்காட் டை, மூட்டினுள் மரப்பு மருந்து செலுத்தாமல் தம் முழங்கால்களையே கருவியால் தொட்டுச் சோதிக்கச் செய்து, 1998இல் முடிவுகளை வெளியிட்டார். குருத்தெலும்பு வலிக்கவில்லை, கொழுப்புத் திண்டு கடுமையாக வலித்தது. 2003இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், இத்திண்டு அழற்சியைத் தூண்டும் பொருள்களைச் சுரப்பதைக் காட்டினர். ஹேவர்ஸ் நினைத்த சுரப்பி அன்று, ஆயினும் சுரக்கிறது. உடற்பருமன் உடையோருக்குப் பாரம் தாங்காத விரல் மூட்டுகளிலும் இந்நோய் மிகுதியாக வருவதை இதனோடு சேர்த்து எண்ணினால், எடையின் அழுத்தம் மட்டுமே காரணமன்று என்பது விளங்கும். திண்டு எப்போதும் தீங்கே செய்கிறதா, காக்கவும் செய்கிறதா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

தமிழில் இந்நோய்க்கு மக்கள் வழங்கும் பெயர் ‘மூட்டுத் தேய்மானம்’. சித்த மருத்துவர் வழங்கும் பெயர் ‘அழல் கீல்வாயு’. அன்றே எல்லாம் அறிந்திருந்தோம் எனப் பெருமை பேச இதில் இடமில்லை. எனினும், இவ்விரு பெயர்களில் ஒன்று உராய்வைச் சொல்கிறது, மற்றொன்று வெப்பத்தைச் சொல்கிறது என்பது நாம் கருதத்தக்கது.

சொல்லால் விளையும் வேறுபாடு சிறிதன்று. நெடுநேரம் குத்துக்காலிட்டும் மண்டியிட்டும் செய்யும் தொழில்கள் முழங்கால் நோய்க்கு வாய்ப்பை மிகுவிக்கும் என்பது அறியப்பட்ட செய்தி. ஈரத்தோலைக் குனிந்து தூக்குவோரும், வீட்டுத் தரையில் அமர்ந்து காலணியின் மேற்பகுதியைக் கையால் தைக்கும் பெண்களும் நிறைந்த நிலப்பகுதி இது. ‘தேய்ந்துவிட்டது’ என்று கேட்டவர், தேய்ந்த செருப்பைப் போலத் தம் காலையும் கைவிடுகிறார். நடந்தால் இன்னும் தேயும் என அஞ்சி அமர்ந்துவிடுகிறார். உண்மையிலோ, தக்க உடற்பயிற்சியும், மிகை எடை இருப்பின் அதனைக் குறைத்தலும் வலியைத் தணிக்கும். மூட்டு என்பது உயிருள்ள உறுப்பு. கழிவென்று ஒதுக்கப்பட்ட கொழுப்பின் வரலாறு நமக்கு உணர்த்துவது இதுவே.