உருவம் இல்லாத தூண்கள்

சமநிலை, லயம், விகிதம் என்று சித்திரப் பாடத்தில் வருவதைக் கரும்பலகையில் எழுதிப்போட எனக்குப் பிடிக்காது. பையன்களைப் பழைய பள்ளிவாசல் ஒன்றுக்குக் கூட்டிப்போய்த் தூணைக் காட்டுவேன். காயல்பட்டினத்தில் அதற்குப் பஞ்சமில்லை. பெரிய குத்பா பள்ளி, சிறு குத்பா பள்ளி, இரட்டைக்குளத்துப் பள்ளி எல்லாமே கல் தூண் நிற்கும் இடங்கள்தான்.

ஹோர்முஸ், கீஷ், ஏடனிலிருந்து காயலுக்குக் குதிரைக் கப்பல் வந்ததை 13ஆம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ சொல்கிறார். அந்தக் காயல் தாமிரபரணி முகத்துப் பழையகாயல் என்றார் கால்டுவெல். எங்கள் ஊரில் பலர் இன்னும் அதை ஒப்புக்கொள்வதில்லை. அந்த வழக்கு இருக்கட்டும். கடல் வழியே குதிரை வந்தது, அரபி வந்தது. கும்மட்டமும் வளைவும் மட்டும் வரவில்லை. பள்ளி கட்டியவர்கள் தூணுக்கு மேல் உத்திரம், உத்திரத்துக்கு மேல் கல் பாவிய தட்டைக் கூரை என்று பாண்டிய நாட்டு மண்டப வழக்கத்திலேயே கட்டினார்கள்.

தூணை அடியிலிருந்து பாருங்கள். சதுரம், அதன்மேல் எட்டுப்பட்டை, மறுபடி சதுரம், உச்சியில் உத்திரத்தைத் தாங்கும் போதிகை. கோயிலென்றால் அந்தச் சதுர முகத்தில் ஆடும் பெண்ணோ, சிங்கமோ, தெய்வமோ வந்துவிடும். பள்ளியில் உருவம் கூடாது. சதுரத்துக்குள் வட்டம், வட்டத்துக்குள் தாமரை என்று தச்சர் முடித்துக்கொண்டார். கை தேர்ந்தவரா என்று வட்டத்துக்கு வெளியே மிஞ்சும் நாலு மூலையில் தெரிந்துவிடும். கால் பூவோ இலையோ அங்கே நெருக்கடி இல்லாமல் உட்கார வேண்டும்.

சிலைக்குப் பதில் பூ வைத்தார்கள் என்று சொல்லி இதை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதாது. உருவத்துக்குத் தலையும் காலும் உண்டு. கண் அங்கேயே நின்றுவிடும். பூவுக்கு மேல் கீழ் கிடையாது. கண் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடுத்த தூணுக்குப் போய்விடும். அதனால் ஒற்றைத் தூண் பெரிதில்லை, வரிசைதான் வேலைப்பாடு. லயம் என்பதை இதைவிட எளிதாக எனக்குச் சொல்லித்தரத் தெரியாது.

திசையும் தச்சருக்குத் தோதாக அமைந்தது. கோயிலில் பெரும்பாலும் கிழக்கே வாசல், மேற்கே கருவறை. இங்கிருந்து தொழும் திசையான கிப்லாவும் மேற்குதான், கொஞ்சம் வடக்கே சாய்ந்தது. ஆனால் கருவறை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் மாடமாக மிஹ்ராப். பார்க்க அங்கே ஒன்றுமில்லை. தூண்களுக்கிடையே நடு அங்கணத்தைப் பக்கத்து அங்கணங்களைவிட அகலமாக விட்டால் கண் தானாக அங்கே போகும். மண்டபம் கட்டியவர்களுக்கு இது பழகிய கணக்கு. கீழக்கரையில், 17ஆம் நூற்றாண்டின் கடைசியில் வள்ளல் சீதக்காதி காலத்தில் எழுந்த ஜும்ஆ பள்ளியிலும் இதே மரபைக் காணலாம்; அங்கே செதுக்கு இன்னும் அடர்த்தி.

கல்லில் பூ தெரிவது நிழலால். சாய்வெயில் பட்டால் இதழுக்கு இதழ் கறுப்புக் கோடு விழும். எனாமல் பெயிண்டை இரண்டு மூன்று கோட் அடித்தால் பள்ளம் தூர்ந்து பூ வழுவழுவென்று ஆகிவிடுகிறது. ஒரு பள்ளியில் பெயிண்ட் டப்பாவோடு நின்ற பெரியவரிடம், "காக்கா, சுண்ணாம்பே போதுமே" என்றேன்.

"பெருநாளைக்குப் பளபளன்னு இருக்க வாணாமா, வாத்தியாரே?" என்றார். பச்சையில் பார்டரும் போட்டார்கள்.