உளி யார் கையில்?

தம்மம்பட்டியில் ஒரு மரச்சிற்பக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். 'செதுக்குறது மனசுக்கு மருந்து மாதிரி' என்று சொல்லிவைத்தேன். வாகைப் பலகையிலிருந்து தலையெடுக்காமல் பெரியவர் சொன்னார்: 'மருந்துதானுங்க சார். ஆனா ஆர்டர் தேதி நெருங்குச்சுன்னா இதே உளிதான் தலைவலி.' எம்.ஏ. தமிழில் படித்த அழகியலில் இந்த 'ஆனா'வுக்கு இடமே இல்லை.

கலை சுகப்படுத்தும் என்ற சொல்லாடலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1938இல் காசநோய் விடுதியில் படுத்துக்கிடந்த ஆங்கில ஓவியர் ஏட்ரியன் ஹில் வரைந்து வரைந்து தேறினார். 1942இல் அதற்குக் 'கலைச் சிகிச்சை' என்று பெயர் வைத்தார். வழக்கமாகக் கதை இங்கேதான் தொடங்கும். கொஞ்சம் பின்னால் போவோம்.

ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் 1919 முதல் மருத்துவர் ஹான்ஸ் பிரின்ஸ்ஹார்ன், மனநோய் விடுதிகளில் அடைபட்டவர்கள் செய்த சுமார் 5000 படைப்புகளைச் சேகரித்தார். 1922இல் நூலும் எழுதினார். அதில் 'பிரான்ஸ் போல்' என்றொருவர் வருகிறார். அசல் பெயர் பிரான்ஸ் கார்ல் பியூலர். இரும்பில் கலைவேலை செய்த கொல்லர். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் பரிசு வாங்கியவர். 1898இல் விடுதிக்குள் போனார். உலைக்களம் போனது, பென்சில் வந்தது. அவர் படங்களை உலகம் வியந்தது. அவர் பெயர் அதற்குத் தெரியாது. அவரும் வெளியே வரவில்லை. அதே சேகரிப்பை நாஜிகள் 'சீரழிந்த கலை' கண்காட்சிக்கு எடுத்துப்போய்க் கேலிப்பொருளாக்கினார்கள். 1940 மார்ச்சில் கிராஃபெனெக்கில் பியூலரை விஷவாயுவால் கொன்றார்கள். அந்த ஒரே ஆண்டில் அங்கே கொல்லப்பட்டவர்கள் 10,000க்கும் மேல்.

சரி, வரைந்தது பியூலருக்கு ஒண்ணுமே செய்யலையா? செய்திருக்கும், அத்தனை வருஷம் சும்மா வரையமாட்டார். ஆனால் உரிமையில்லாதவன் வரைந்தது பிறருக்கு வெறும் மாதிரிப்பொருள்தான். இன்றைக்கு ஆய்வுக்கு, நாளைக்கு ஏளனத்துக்கு.

நமக்கு இது தூரத்துக் கதையல்ல. 2001 ஆகஸ்ட் 6இல் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். சங்கிலியை எந்த வடிவிலும் தடைசெய்யும் மனநலச் சட்டம் 2017இல்தான் வந்தது. சங்கிலி போட்ட கையில் பென்சிலைக் கொடுத்து அதைச் சிகிச்சை என்று சொல்லலாமா?

கலையைக் கொண்டு மனங்களோடு வேலைசெய்கிற தோழர்களிடம் எனக்குக் கேட்க நாலு கேள்விதான் உண்டு. வரைகிறவர் 'போதும்' என்று சொல்லி நிறுத்த முடியுமா? படத்தைத் தானே வைத்துக்கொள்ள முடியுமா? விரும்பினால் தன் பெயரைப் போட முடியுமா? கதவைத் திறந்து வெளியே போக முடியுமா?

புறப்படும்போது அந்தக் கூடத்தில் முடிந்து நின்ற சிலைகளைப் பார்த்தேன். எதிலும் பெரியவர் பெயர் இல்லை.