ராஜுலாவும் நூறு கிராம் அரிசியும்



வரலாற்றுக் கழகத்தில் "கப்பல் ஒன்று செய்து கொண்டு வாங்க" என்று சொன்னால், கூலாயில் எங்களுக்கு மூன்று கப்பல்கள்தான் வந்து சேரும். ஒன்று டைட்டானிக். இரண்டாவது, மலாக்கா சுற்றுலாவில் எல்லாரும் ஏறிப் பார்த்துவிட்டு வருகிற 'ஃபுளோர் டி லா மார்'. மூன்றாவது, புலிக்கொடி பறக்கிற சோழர் கப்பல். மூன்றிலும் உழைப்பு இருக்கும், வண்ணம் இருக்கும், பசை நாற்றமும் இருக்கும். நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பேன்: "உங்க கப்பல் எத்தனை மீட்டர் நீளம்? அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

டைட்டானிக் குழு உடனே பதில் சொல்லும். மலாக்காக் குழு கொஞ்சம் யோசிக்கும். சோழர் கப்பல் குழு என் முகத்தைப் பார்க்கும்.

இந்தக் கட்டுரை அந்தக் கேள்வியைப் பற்றியதுதான். அளவு மாதிரி என்பது பொம்மை இல்லீங்க. உண்மைக் கப்பலின் ஒவ்வோர் அளவையும் ஒரே விகிதத்தில் சுருக்கிச் செய்வது. 1:200 என்றால் 200 மீட்டர் ஒரு மீட்டராகும். எந்த மூலையிலும் அந்த விகிதம் மாறக்கூடாது. அதனால் கத்தியை எடுக்கும் முன்பே சான்றைத் தேட வேண்டியிருக்கிறது. பாய்மரம் எத்தனை என்று கட்டுரையில் எழுதாமல் நழுவிவிடலாம். மாதிரியில் நழுவ முடியாது, நட்டே ஆகணும்.

இந்தக் கலை பொழுதுபோக்காகப் பிறக்கவில்லை. 17ஆம் நூற்றாண்டிலேயே இங்கிலாந்தில் போர்க்கப்பல்களுக்கு மிக நுணுக்கமான மாதிரிகள் செய்தார்கள். நெப்போலியன் காலப் போர்களில் இங்கிலாந்தில் சிறைப்பட்ட பிரெஞ்சுக் கைதிகள், சாப்பிட்டு மிஞ்சிய எலும்பைச் செதுக்கிக் கப்பல் செய்து விற்றார்கள். பிளாஸ்டிக் பெட்டிகளில் 1:350, 1:700 என்று அச்சிட்டு வருவதெல்லாம் வெகு பிற்பாடு.

ஆனால் நமக்கு நெருக்கமான கதை வேறு ஒருவருடையது. பிரான்சுவா எத்மோன் பாரிஸ் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி (ஊர்ப் பெயரேதான் ஆள் பெயரும்) 1826க்கும் 1840க்கும் இடையில் மூன்று முறை உலகக் கடல்களைச் சுற்றி வந்தார். போன துறைமுகங்களில் எல்லாம் உள்ளூர்ப் படகுகளை அளந்து வரைந்தார். மற்ற அதிகாரிகள் கோட்டையையும் கோபுரத்தையும் வரைந்தபோது இவர் மீனவர் படகின் குறுக்குவெட்டை வரைந்துகொண்டிருந்தார். மூன்றாவது பயணத்தின்போது ஓர் இயந்திரத்தின் பற்சக்கரத்தில் சிக்கி இடது கையை இழந்தார். அப்படியும் வரைவதை விடவில்லை. சோழமண்டலக் கரையின் கட்டுமரமும், சலங்கு என்றும் மசூலா என்றும் சொல்லப்பட்ட தையல் படகும் அவர் நூலில் உண்டு. பின்னாளில், 1871 முதல், லூவர் அரண்மனையில் இருந்த கடற்படை அருங்காட்சியகத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. தம் வரைபடங்களைக் கொண்டே வரிசையாக அளவு மாதிரிகள் செய்ய வைத்தார்.

மசூலாவைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் பலகைகளை ஆணி அடித்துச் சேர்க்க மாட்டார்கள், தென்னங்கயிற்றால் தைப்பார்கள். மதராஸில் துறைமுகம் கட்டப்படும் முன் கப்பல்கள் கரையிலிருந்து தள்ளித்தான் நிற்கும். அலை உடைகிற இடத்தைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கொண்டுபோய்ச் சேர்த்தவை இந்தப் படகுகள்தாம். ஆணி அடித்த படகு அந்த மோதலில் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். துறைமுகம் வந்ததும் அவற்றின் தேவை போய்விட்டது. அவை எப்படி இருந்தன என்று இன்று ஒருவர் கேட்டால், அப்படி அளந்து வைத்த வரைபடமும் மாதிரியும்தான் பதில் சொல்கின்றன.

இதற்கு நேர் எதிரான வழியும் உண்டு. படகைப் பார்த்து மாதிரி செய்வதை விட்டு, மாதிரியைப் பார்த்துப் படகு செய்வது. ஜாவாவில் உள்ள போரோபுதூர் சிற்பங்களில் 8, 9ஆம் நூற்றாண்டுக் கப்பல்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. பிலிப் பீல் என்ற ஆங்கிலேயர் அதில் ஒன்றை உண்மையாகவே கட்டிக் கடலில் ஓட்ட ஆசைப்பட்டார். நிக் பர்னிங்ஹாம் சிற்பத்தை ஆராய்ந்து பால்சா மரத்தில் ஓர் அளவு மாதிரி செய்தார். கங்கேயான் தீவுகளைச் சேர்ந்த முதிய படகுக் கொல்லர் அசாத் அப்துல்லா அந்த மாதிரியைப் பார்த்தே கப்பலைக் கட்டினார். 'சமுத்ரா ரக்சா' என்று பெயர். 2003 ஆகஸ்டில் ஜகார்த்தாவிலிருந்து கிளம்பி 2004 பிப்ரவரியில் ஆப்பிரிக்காவின் கானா நாட்டை அடைந்தது.

மாணவர்களே, இந்த இடத்தில் கவனம். இந்தப் பயணம் எதை நிரூபிக்கிறது? அப்படிப்பட்ட கப்பலால் ஆப்பிரிக்கா வரை போக முடியும் என்பதை. 8ஆம் நூற்றாண்டில் அது போனது என்பதை அல்ல. "முடியும்" வேறு, "நடந்தது" வேறு. தேர்வில் சான்றை மதிப்பிடச் சொல்லும் கேள்விக்கு இந்த ஒரு வேறுபாட்டைச் சரியாக எழுதினால் போதும், திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார்.

சரி, சோழர் கப்பலுக்கு வருவோம். 1025இல் ராஜேந்திர சோழன் கடாரத்தின்மீது படையெடுத்ததை அவனுடைய மெய்க்கீர்த்தி சொல்கிறது. பல கப்பல்களைக் கடலில் அனுப்பினான் என்றும் சொல்கிறது. அந்தக் கப்பல் எத்தனை மீட்டர், எத்தனை பாய்மரம், ஆணியா தையலா என்று சொல்லவில்லை. சாதவாகனர் காசுகளில் இரண்டு பாய்மரக் கப்பல் இருக்கிறது, அது பல நூற்றாண்டு முந்தியது. அழகன்குளம் பானையோட்டில் கப்பல் ஓவியம் இருக்கிறது, அதுவும் சங்க காலத்தை ஒட்டியது. ஆகவே போட்டிகளில் நாம் பார்க்கும் புலிக்கொடிக் கப்பல், நம் பெருமையை அளவாக வைத்துக் கட்டியது. செய்யாதீங்க என்று சொல்லவில்லை. அடியில் ஓர் அட்டை ஒட்டி "இது ஊகம்; இன்னின்ன சான்றுகளிலிருந்து ஊகித்தோம்" என்று எழுதிவிடுங்க. நான் நடுவராக இருந்தால் அந்த அட்டைக்குத்தான் முதல் மதிப்பெண்.

பாய்மரக் கப்பல்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு யாழ்ப்பாணத்து வல்வெட்டித்துறையில் கட்டிய 'அன்னபூரணி' இருக்கிறது. அமெரிக்கர் ஒருவர் வாங்கி 'ஃபுளோரன்ஸ் சி. ராபின்சன்' என்று பெயர் மாற்ற, தமிழ் மாலுமிகளோடு அட்லாண்டிக்கைக் கடந்து 1938இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் குளோஸ்டர் துறைமுகத்துக்குப் போனது.

ஆனால் எங்கள் கழகம் எடுத்துக்கொண்ட கப்பல் ராஜுலா.

ஏன் ராஜுலா? இந்த வட்டாரத்துத் தோட்டங்களில் பாதி வீடுகளின் குடும்பக் கதை அந்தப் பெயரில்தான் தொடங்கும். 1926இல் கிளாஸ்கோவில் பார்க்ளே கர்ல் தளத்தில் கட்டப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா நீராவிக் கப்பல் நிறுவனத்துக்குச் சொந்தம். மதராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று ஏறக்குறைய அரை நூற்றாண்டு ஓடியது. போர்க் காலத்தில் படைகளை ஏற்றியது. 1973இல் கைமாறி, அடுத்த ஆண்டே உடைக்கப்பட்டது. அதே 1926இல் கட்டிய அதன் உடன்பிறப்பு ரோனா, 1943 நவம்பர் 26 அன்று மத்தியதரைக் கடலில் ஜெர்மானியரின் வழிகாட்டு குண்டுக்கு இரையாகி ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு மூழ்கியது. ராஜுலா தப்பித்தது.

காலத்தையும் சேர்த்துப் பாருங்க. 1907இல் தொடங்கிய தமிழர் குடிவரவு நிதி, முதலாளிமாரிடம் வரி வாங்கித் தோட்டத் தொழிலாளரின் கப்பல் கட்டணத்தைக் கட்டியது. 1938இல் இந்திய அரசு அப்படிப்பட்ட ஆள் அனுப்புதலைத் தடை செய்தது. ஆக, ராஜுலாவின் முதல் பன்னிரண்டு ஆண்டுகள் கங்காணி முறையின் கடைசிக் காலம். அதற்குப் பிறகு வந்தவர்கள் வேறு வகை: உறவினர், கடைக்காரர், ஊருக்குப் போய்த் திரும்பியவர்.

மாதிரிக்கு வேண்டிய அளவு கிடைப்பது கஷ்டமில்லை. லாயிட்ஸ் கப்பல் பதிவேடு நீள அகலத்தைத் தருகிறது. பழைய படங்கள் நிறையக் கிடைக்கின்றன. நீளம் 140 மீட்டர், அகலம் 19 மீட்டர் என்று முழு எண்ணாக வைத்துக்கொண்டோம். 1:200இல் அது 70 சென்டிமீட்டருக்கு 9.5 சென்டிமீட்டர். ஒரு பள்ளி மேசைக்கு அடங்கும். நீருக்கு மேலே தெரியும் பகுதியை மட்டும் செய்தோம். அட்டையையும் மெல்லிய பால்சாவையும் அடுக்கடுக்காக வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று ஒட்டி, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் உடல் வந்துவிடும். அணியத்தின் வளைவுதான் பொறுமையைச் சோதிக்கும். எங்களுக்கு மூன்று முறை கோணிப்போனது. புகைபோக்கிக்கு ஒரு பையன் தன் அப்பாவின் தண்ணீர்க் குழாய்த் துண்டை அறுத்துக்கொண்டு வந்தான். கறுப்பு வண்ணம், நடுவில் இரண்டு வெள்ளை வளையம். அந்த நிறுவனத்தின் அடையாளம் அது.

வண்ணம் தீட்டும்போதுதான் அடுத்த கேள்வி வந்தது: "டீச்சர், நாம எந்த வருஷத்து ராஜுலாவைச் செய்றோம்?" போரில் சாம்பல் நிறம், போருக்குப் பின் உள்ளமைப்பே மாறியது. ஒரு கப்பலுக்கு ஒரே உருவம் கிடையாது என்று அவர்களே கண்டுபிடித்தார்கள். விவாதித்து, 1926இல் கட்டிய நிலையையே செய்வது என்று முடிவெடுத்தோம்.

அரிசி யோசனை அப்போதுதான் வந்தது. தொடக்கத்தில் ராஜுலாவுக்கு ஐந்தாயிரத்துக்கும் மேற்பட்ட டெக் பயணிகளை ஏற்ற உரிமம் இருந்தது. டெக் பயணி என்றால் அறை கிடையாது. தட்டில் பாய் விரித்துப் படுக்கும் பயணி. படிவம் நான்கு மாணவி ஒருத்தி கணக்குப் போட்டாள்: 1.6 மீட்டர் உயர ஆள் 1:200இல் 8 மில்லிமீட்டர். நீள அரிசி ஒன்றும் ஏறக்குறைய அவ்வளவுதான். அகலம் 2 மில்லிமீட்டர், அதாவது 40 சென்டிமீட்டர். ஒருக்களித்துப் படுத்த ஆள். ஆயிரம் அரிசி ஏறத்தாழ 20 கிராம். ஐயாயிரம் பேர், 100 கிராம்.

சமையல் தராசில் நிறுத்து ஒரு கிளாஸில் எடுத்து வந்தார்கள். பார்த்தால் கொஞ்சம்தான். ஒருவருக்குச் சோறாக்கவே பத்துமா என்று தோன்றும். அதை மாதிரியின் மேல் தட்டில் ஓரட்டையாகப் பரப்பச் சொன்னேன். பரப்பப் பரப்ப இடம் முடிந்தது, அரிசி முடியவில்லை. 70க்கு 9.5 என்ற முழுச் செவ்வகத்தில் இடைவெளியே இல்லாமல் அடுக்கினாலும் நாலாயிரத்துச் சொச்சம்தான் கொள்ளும். கப்பலோ இரு முனையிலும் குறுகுகிறது. நடுவில் புகைபோக்கி, சரக்குக் கிடங்கின் வாய், அறைகள், உயிர்காப்புப் படகுகள். மிச்ச அரிசியைக் கீழ்த்தட்டுகளில் போட வேண்டியிருந்தது. காற்றும் வெளிச்சமும் குறைவான தட்டுகள். ஒரு வாரத்துக்கு மேல் பயணம்.

வகுப்பு அமைதியாகிவிட்டது. அதற்கு முன் அதே எண்ணைப் பாடத்தில் எழுதிப் போட்டிருக்கிறேன், ஒருவரும் நிமிர்ந்து பார்த்ததில்லை.

ஆசிரியர்கள் இதைச் செய்தால் ஓர் எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்லுங்க. உரிமம் என்பது உச்ச வரம்பு. ஒவ்வொரு பயணத்திலும் அத்தனை பேர் வந்தார்கள் என்பதற்கு அது சான்று ஆகாது. போருக்குப் பின் அந்த எண்ணிக்கையையே வெகுவாகக் குறைத்துவிட்டார்கள். மாதிரி காட்டுவது, சட்டம் எவ்வளவு நெருக்கத்தை அனுமதித்தது என்பதை. அதுவே போதுமான செய்திதான்.

மாதிரி முடிந்ததும், போருக்குப் பின் ஏழெட்டு வயதில் ராஜுலாவில் வந்த ஒரு பாட்டியிடம் தூக்கிக்கொண்டு போனோம். தோட்டத்து வீடு. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். விரலை முன்தட்டில் வைத்தார். "இங்கதான்யா எங்கப்பா பாய விரிச்சாரு. அம்மாவுக்கு மூணு நாளு தலையே தூக்க முடியல." பிறகு கொஞ்சம் கோபமாக, "புகைபோக்கி ரெண்டுல்ல? ஏன் ஒண்ணு வச்சிருக்கீங்க?"

பையன்கள் விழித்தார்கள். படங்களில் ஒன்றுதான். பாட்டியிடம் யாரும் வாதாடவில்லை. திரும்பி வரும் வழியில் வேனில் பெரிய விவாதம். வேறு கப்பலோடு குழப்பிக்கொண்டாரா? அந்த இரண்டு வெள்ளை வளையம்தான் பிள்ளை மனசில் இரண்டாக நின்றுவிட்டதா? படம் வெல்லுமா, பார்த்தவர் சொல் வெல்லுமா? முதன்மைச் சான்றும் தவறலாம் என்பதை நான் அன்று சொல்லிக்கொடுக்கவில்லை; அவர்களே பேசித் தீர்த்தார்கள். புகைபோக்கிக்குப் படத்தை நம்புவது, அப்பா பாய் விரித்த இடத்துக்குப் பாட்டியை நம்புவது என்று முடிவாயிற்று. எந்தப் படமும் அந்த இடத்தைக் காட்டப்போவதில்லை.

கிளம்பும்போது பாட்டி இன்னொன்று கேட்டார்: "தண்ணி பைப்பு எங்க? அதுக்குத்தானே வரிசையில நிப்போம். அத வைக்கலையே."

அதை இன்னும் வைக்கவில்லை. எந்தப் பக்கம் இருந்தது என்று அவருக்கும் நினைவில்லை. கைப்பேசியில் பெரிதாக்கிப் பார்த்த படங்களிலும் பிடிபடவில்லை. செனாயில் ராஜுலாவில் வந்த இன்னொருவர் இருக்கிறாராம், தொண்ணூறு வயசு. வரும் சனிக்கிழமை போகிறோம். மாதிரியை வைக்க ஒரு நீளப் பெட்டி மட்டும் யாரிடமாவது இரவல் வாங்கணும்.