செஞ்சி வட்டாரச் சமணத்தில் குரத்தியர்: துறவும் தலைமையும்

முன்னுரை

செஞ்சியின் வரலாறு பெரிதும் கோட்டையின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. கோட்டை எழுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இவ்வட்டாரம் சமணத் துறவியரின் உறைவிடமாக விளங்கியது. செஞ்சியை அடுத்த திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததை அங்குள்ள நிசீதிகைக் கல்வெட்டு கூறுகிறது. எழுத்து வளர்ச்சி ஆய்விலும் இக்கல்வெட்டு சிறப்பிடம் பெறுகிறது. ஆண் துறவியர் பெற்ற இக்கவனத்தைப் பெண் துறவியர் பெறவில்லை.

கல்வெட்டுச் சான்றுகள்

'குரவர்' என்பதன் பெண்பால் வடிவமே 'குரத்தி'. ஆசிரியை என்பது அதன் பொருள். செஞ்சிக்கு வடக்கே வந்தவாசிப் பகுதியிலுள்ள வேடலில், முதலாம் ஆதித்த சோழனின் 14ஆம் ஆட்சியாண்டுக் (கி.பி. 885 அளவில்) கல்வெட்டு ஒன்றுள்ளது. குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியான கனகவீரக் குரத்தியாரை அது குறிப்பிடுகிறது. அவருடைய 500 மாணாக்கியர்க்கும் தவப்பெண்டிர் 400 பேர்க்கும் இடையே பிணக்கு எழுந்தது. குரத்தியாரையும் அவர்தம் மாணாக்கியரையும் காத்து உணவளிக்கும் பொறுப்பை அவ்வூர் அடியார்கள் ஏற்றனர். எண்கள் மரபுவழிப்பட்டவை எனக் கொண்டாலும், பெண்கள் பெருங்குழுவாகத் துறவு பூண்டு வாழ்ந்தமை இதனால் உறுதிப்படுகிறது.

முதலாம் பராந்தகனின் 38ஆம் ஆட்சியாண்டில் (கி.பி. 945) விளாப்பாக்கத்தில் பட்டினிக் குரத்தி அடிகள் கிணறு தோண்டுவித்தார். இவர் திருப்பான்மலை அரிட்டநேமி பட்டாரரின் மாணாக்கி. கழுகுமலையிலும் குரத்தியர் பெயர்கள் பல பொறிக்கப்பட்டுள்ளன.

கோட்பாடும் நடைமுறையும்

பெண் தன் பெண்பிறவியிலேயே வீடுபேறு எய்த இயலாது என்பது திகம்பரக் கோட்பாடு. யாப்பனீயர் இதனை மறுத்தனர். எனவே குரத்தியர் மரபில் யாப்பனீயச் செல்வாக்கைக் காண்பாரும் உளர். எனினும், மேற்காட்டிய வேடல், விளாப்பாக்கக் கல்வெட்டுகள் ஆசிரியர்–மாணாக்கியர் வழியையே முதன்மைப்படுத்துகின்றன. இறுதிப் பேற்றில் பெண்ணுக்கு இடமுண்டா என்ற வாதம் ஒருபுறம் நிகழ, கற்பித்தலிலும் அறச்செயலிலும் பெண்கள் முன்னரே இடம்பெற்றுவிட்டனர்.

17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குவேக்கர் பெண்கள் தம் ஆன்மிகத் தேடலைத் தாமே எழுதினர். பெண்கள் சமய உரை நிகழ்த்தும் உரிமைக்காக மார்கரெட் ஃபெல் 1666இல் நூல் வெளியிட்டார். குரத்தியர்க்கு அத்தகைய தன்வரலாறுகள் இல்லை. அவர்களைப் பற்றிய சான்று நிறுவனச் சான்றாகவே எஞ்சியுள்ளது.

முடிவுரை

வேடல் கல்வெட்டு பாதுகாப்பு ஏற்பாட்டைப் பதிவுசெய்ய எழுந்தது. பெண் துறவைப் போற்றுவது அதன் நோக்கமன்று. புகழ்ச்சி நோக்கம் இன்மையே அதன் சான்றுமதிப்பை உயர்த்துகிறது. சமண வரலாற்றில் குரத்தியரை விதிவிலக்குகளாகக் கருதாமல், ஆசிரிய மரபின் ஓர் உறுப்பாகக் கொண்டு ஆராய்வதே பொருந்தும்.