கடலில்லாத சமஸ்தானமும் குதிரைச் சேவகனும்

புதுக்கோட்டைச் சமஸ்தானத்திற்குக் கடல் கிடையாது. தொண்டைமான்களின் எல்லை கடலை எட்டாமலே நின்றுவிட்டது. 1948 மார்ச் 3-ல் சமஸ்தானம் திருச்சி ஜில்லாவோடு இணைந்தது. 1974 ஜனவரி 14-ல் தனி மாவட்டமாக ஆனபோதுதான் அறந்தாங்கிப் பகுதியோடு மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் என்று ஒரு கடற்கரையும் வந்து சேர்ந்தது. மாவட்டத்திற்குக் கடல் வந்தது. சரித்திரத்திற்கு இன்னும் வரவில்லை. புதுக்கோட்டைச் சரித்திரம் என்றதும் நமக்குச் சித்தன்னவாசல் ஓவியம், குடுமியான்மலை இசைக் கல்வெட்டு, திருமயம் கோட்டை, பல்லவராயர், தொண்டைமான் வம்சாவளி. எல்லாம் பாறையும் மண்ணும். கடல் வழியாக வந்தவர்களைப் பற்றிய பேச்சு எழும்போது மட்டும் ஒரே ஒரு கேள்விதான்: இவர்கள் யார், எங்கிருந்து வந்தார்கள்?

கேள்வி சாதாரணமானதுதான். ஆனால் அது கேட்கப்படும் தொனி எனக்குச் சம்மதமில்லை. மரக்காயர்களிடம் அதைக் கேட்கிறவர் இரண்டு பதில்களில் ஒன்றை எதிர்பார்க்கிறார். அரபு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்றால் அந்நியர்கள். இங்கேயே மதம் மாறியவர்கள் என்றால் தடம் புரண்டவர்கள். இரண்டு பதில்களுக்கும் வெளியே ஒரு சமூகம் ஆயிரம் வருஷமாகத் தமிழ் பேசிக்கொண்டிருக்கிறது என்பது கேட்கிறவரின் கவனத்தில் இல்லை. பெயரே இரண்டு பக்கமும் இழுபடுகிறது. மரக்கலத்திலிருந்து மரக்காயர் வந்தது என்பார்கள். கப்பலைக் குறிக்கும் 'மர்கப்' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்பாரும் உண்டு. தீர்ப்புச் சொல்ல நான் முயலவில்லை. எந்தப் பக்கம் போனாலும் கப்பலில்தான் போய் நிற்கிறது.

இந்த மாவட்டத்தின் பிரதானமான ஐதீகமே ஒரு இறக்குமதி வியாபாரத்தைப் பற்றியது என்பதை நாம் ஏன் யோசிப்பதில்லை? பாண்டியனின் மந்திரி திருவாதவூரர் கஜானாப் பணத்தோடு கீழைக் கடற்கரைக்குக் குதிரை வாங்கப் புறப்படுகிறார். வழியில் திருப்பெருந்துறையில், இன்றைய ஆவுடையார்கோயிலில், குருவைக் காண்கிறார். குதிரைப் பணம் கோயில் திருப்பணிக்குப் போகிறது. மந்திரியைக் காப்பாற்றச் சிவனே நரிகளைப் பரிகளாக்கி ஓட்டிக்கொண்டு மதுரைக்குப் போகிறார். பக்தி இலக்கியத்தின் ஒரு பெரிய கதை இப்படி ஒரு கொள்முதல் கணக்கிலிருந்து பிறக்கிறது. குதிரை இந்த மண்ணில் விளையாத பொருள். கப்பலில் வர வேண்டும். 13-ம் நூற்றாண்டின் கடைசியில் மார்க்கோ போலோ பாண்டிய நாட்டுக் குதிரை மோகத்தைக் கண்டு வியந்து எழுதினான். பாரசீகச் சரித்திரக்காரர் வஸ்ஸாப் ஒரு குதிரையின் விலை 220 பொன் தினார் என்கிறார். அதே வஸ்ஸாப், தகியுத்தீன் என்ற அரபு வணிகர் பாண்டியனிடம் மந்திரியாக இருந்ததையும் சொல்கிறார். குதிரை வாங்கப் போன மந்திரியின் இடத்தில், சில நூற்றாண்டுகள் கழித்து, குதிரை விற்க வந்த இனத்தவர் மந்திரியாக உட்கார்ந்திருக்கிறார்.

ஆவுடையார்கோயிலில் சிவன் குதிரைச் சேவகன். அங்கிருந்து ஒரு நாள் நடைத் தொலைவில், கோட்டைப்பட்டினத்தில், ராவுத்தர் அப்பா அடங்கியிருக்கிறார். ராவுத்தர் என்றால் குதிரை வீரர் என்றுதான் பொருள். ராஜபுத்திரன் என்ற வடசொல்லின் திரிபு. அருணகிரிநாதர் முருகனையே அந்தச் சொல்லால் அழைத்திருக்கிறார். தர்காவுக்கு இந்துக்களும் வருகிறார்கள். இதை மத நல்லிணக்கம் என்று மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்குவது சுலபம். நான் பார்ப்பது வேறு. குதிரைமேல் வருகிற ரட்சகன் என்ற ஒரே மனப்படிமம் கோயிலிலும் தர்காவிலும் இயங்குகிறது. அது கரையில் இறங்கிய நிஜமான குதிரைகளிலிருந்து கிளம்பியது.

வேறொரு தேசத்தின் கதை இங்கே உதவும். அயர்லாந்தின் கரையில் நார்ஸ் மக்கள் கொள்ளைக்காரர்களாக வந்திறங்கினார்கள். 841-ல் அவர்கள் போட்ட கப்பல் முகாம்தான் டப்ளினுக்கு ஆரம்பம். 1014-ல் கிளாண்டார்ஃபில் பிரையன் போரு அவர்களைத் தோற்கடித்து நாட்டை மீட்டான் என்பது பள்ளிக்கூடப் பாடம். உண்மையில், டப்ளினின் நார்ஸ் அரசன் சிட்ரிக்கின் தாய் ஐரிஷ்காரி. அவன் மனைவி பிரையனின் மகள். அவனுக்குத் துணையாகச் சண்டை போட்டவர்களில் லென்ஸ்டர் ஐரிஷ் படையும் உண்டு. இன்று ஐரிஷ் மொழியில் சந்தைக்கும் படகுக்கும் ஜன்னலுக்கும் வழங்கும் சொற்கள் நார்ஸ் மொழியிலிருந்து வந்தவை. டாய்ல் என்ற அசல் ஐரிஷ் பெயருக்குப் பொருள் 'கறுத்த அந்நியன்'. ரத்தத்தையும் சோதித்துப் பார்த்தார்கள். நார்ஸ் குடும்பப் பெயர் கொண்ட ஆண்களிடம் அந்தத் தந்தைவழி மிகக் குறைவு என்றது 2006-ல் ஒரு ஆய்வு. நார்வேச் சாயல் எதிர்பார்த்ததைவிட அதிகம் என்றது 2017-ல் இன்னொன்று. மரபணு தன் வாக்குமூலத்தை மாற்றிக்கொள்ளலாம். சந்தை என்ற சொல் மாற்றிக்கொள்ளவில்லை.

நம்முடைய சொற்களையும் அப்படிக் கேட்டுப் பார்க்கலாம். நங்கூரம் பாரசீகத்திலிருந்து வந்தது. சுக்கானும் மாலுமியும் அரபு. இவற்றை அந்நியச் சொல் என்று எந்தத் தமிழனும் உணர்வதில்லை. யவனர் என்ற பெயரே உருமாறிச் சோனகர் ஆகி அரபியர்களுக்குப் போயிற்று. அந்த யவனர் காலத்து ரோமானியப் பொற்காசுகள் 501, ஆலங்குடிப் பக்கம் கறுக்காக்குறிச்சியில் 1898-ல் கிடைத்தன. பெரும்பாலானவற்றில் மன்னர் தலைமீது உளிவெட்டு. அவர்கள் பொன்னை விட்டுப் போனார்கள். நாம் வெட்டிப் புதைத்து வைத்தோம். அரபியர் பொன்னை வாங்கிக்கொண்டு மனிதர்களை விட்டுப் போனார்கள்.

இனி மதத்தின் சொற்கள். தொழுகை, நோன்பு, பள்ளிவாசல். வடக்கே நமாஸ், ரோஸா, மஸ்ஜித் என்று வழங்குகிற இடத்தில் இங்கே தமிழ். பாங்கு போன்ற பாரசீகச் சொற்களும் ஏராளமான அரபுச் சொற்களும் உண்டுதான். ஆனாலும் அன்றாட வழிபாட்டின் ஆதாரமான சொற்கள் தமிழாகவே நின்றன. அதிலும் பள்ளி என்ற சொல் முக்கியமானது. அது சமண முனிவர்களின் உறைவிடத்திற்கு வழங்கிய பெயர். சித்தன்னவாசல் குகையில் கற்படுக்கை வெட்டிக்கொண்டவர்களின் சொல், அவர்கள் போன பிறகு, கடல் வழியாக வந்தவர்களின் தொழுமிடத்திற்கு வழங்கியது. முந்தைய விருந்தாளியின் அறையைப் பிந்தைய விருந்தாளிக்கு ஒழித்துக் கொடுத்த மாதிரி.

எதிர்பார்ப்பதற்கு நேர்மாறான பங்கீடு இது. வேதத்தின் மொழியிலிருந்து படகுக்குச் சொற்கள் வந்தன. படகு ஒதுங்கிய வீட்டிலிருந்து வழிபாட்டுக்குச் சொற்கள் வந்தன. வந்தவர்கள் ஆண்கள். கப்பல் வேலையை அவர்கள் கடற்கரையில் தங்கள் பாஷையில் கற்றுக்கொடுத்தார்கள். பிள்ளைக்கு நோன்பையும் தொழுகையையும் கற்றுக்கொடுத்தவள் இந்த ஊர்க்காரி. அரபுத் தமிழ் என்ற எழுத்துமுறையிலும் இதே ஏற்பாடுதான்: எழுத்து அரபு, பேச்சு தமிழ், தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்தில் புள்ளிகள் கூட்டினார்கள். கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் இன்றும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறார்.

வம்சாவளிகள் தந்தைவழியில் எழுதப்படுகின்றன. தொண்டைமான்களுக்கும் அப்படித்தான், அரபு முன்னோரைத் தேடுகிறவர்களுக்கும், அதையே குற்றமாகச் சுமத்துகிறவர்களுக்கும் அப்படித்தான். அதனால்தான் இரண்டு தரப்பும் ஒரே தவறான இடத்தில் தேடுகின்றன. எங்கிருந்து வந்தாய் என்று கேட்பவன் தன் கேள்வியில் பாதிச் சந்ததியை அழித்துவிடுகிறான். அவள் எங்கிருந்தும் வரவில்லை. மணமேல்குடிக் கரையில் நின்று கேட்கிற கேள்விக்கு அவள் பேசிய பாஷையிலேயே பதில் வருகிறது. அது யாருக்கும் காதில் விழாமல் இருப்பது சரித்திர அறிவின் குறை மட்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.